ஒயோனேயின் ஷிமபாரா

மலாயாவின் கிள்ளானில் ஜப்பான்காரிகள் இருந்த தெருவுக்கு ஆண்கள் பொழுது சாய்ந்தபின் போவார்கள். பவுனம்மாள் காலையில் போவாள், அழுக்குத் துணி எடுக்க. ரயில் பாதை வேலையில் புருஷனைப் பறிகொடுத்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தத் தெருதான். மற்ற பெண்கள் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஒயோனே மட்டும் அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பாள். பாதி மலாயிலும், பவுனம்மாளிடமே கற்ற தமிழிலுமாகப் பேசுவாள்.

பேச்செல்லாம் ஷிமபாராவைப் பற்றித்தான். ஜப்பானில், கடலோரத்தில் அவள் பிறந்த சின்ன ஊர். பூமிக்கடியிலிருந்து ஊற்று பொங்கித் தெருவோரமாக ஓடும். பெண்கள் அதில் கீரை அலசுவார்கள். கோட்டை போய்விட்டது, மதில் மட்டும் நிற்கிறது. பாட்டன் பூட்டன் காலத்தில் ஊருக்குப் பின்னாலிருந்த மலை சரிந்து கடலில் விழுந்ததாம்.

"கடல் எழும்பி வந்து ஆயிரம் ஆயிரமா ஆளுங்கள வாரிக்கிட்டுப் போச்சு அக்கா. அப்புறமும் எங்க ஆளுங்க அங்கயேதான் வீடு கட்டினாங்க" என்பாள் பெருமையோடு.

அந்த ஊரிலிருந்துதான், ஓட்டல் வேலை என்று சொல்லி, சிறுமியாக இருந்தவளை நிலக்கரிக் கப்பலின் அடியில் ஒளித்து ஏற்றிவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் ஜப்பான் சர்க்காரே அந்த வீடுகளை மூடச் சொன்னது. ஒயோனே பெட்டி கட்டினாள். வழியனுப்பப் பவுனம்மாளும் துறைமுகம்வரை ரயிலில் போனாள். அதே ரயிலிலிருந்து மொரிதாவும் இறங்கினார். கிள்ளானில் போட்டோ கடை வைத்திருந்தவர், அவரும் ஷிமபாராக்காரர், சமீபத்தில்தான் ஊருக்குப் போய்வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தங்கள் பாஷையில் மெல்ல ஏதோ சொன்னார். ஒயோனே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி?"

"அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்காங்களாம். நான் போய் நின்னா முறிஞ்சிடுமாம். வரவேணாம்னு அண்ணன் சொல்லியனுப்பியிருக்கு."

"நீ அனுப்பின காசுலதானே அவரு வீடு கட்டினாரு?"

ஒயோனே பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு விலகியது. பவுனம்மாள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். "வா, போவோம்."

பவுனம்மாளின் ஒற்றை அறையிலேயே ஒயோனே தங்கினாள். இருவருமாகத் துணி வெளுத்தார்கள். ஒயோனேயின் வேலையில் குறையே இல்லை, பேச்சுதான் நின்றுபோனது. மழை விடாத ஒரு மத்தியானம், அவளைத் தேற்ற நினைத்து, "அந்த மலை விழுந்த கதையைச் சொல்லேன்" என்றாள் பவுனம்மாள்.

"எந்த மலை?" ஈரத்துணியை உதறினாள் ஒயோனே. "எனக்கு அப்படி ஒரு ஊர் தெரியாது அக்கா."

அதற்குப் பிறகு பவுனம்மாள் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் ஒயோனேக்கு இருமல் கண்டது, ரத்தமாக வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு விடியற்காலை அடங்கிப்போனாள். அடக்கத்துக்கு மொரிதா வந்தார். தூரத்தில் நின்று நெடுநேரம் தலை குனிந்திருந்தார். பவுனம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையில் ஒட்டிய மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.