மறதி அண்ணனின் அட்டை

உங்கள் ஆபீசில் சும்மா கிடைக்கிற வசதிகளில் எதை நிஜமாகவே பயன்படுத்துகிறீர்கள்? இதே கேள்விக்கு எங்கள் கம்பெனியில் நூற்றிருபது பேர் பதில் எழுதினோம். ஜிம் முதலிடம், டேபிள் டென்னிஸ் இரண்டாமிடம். ஓய்வறையை ஒருவர்கூடக் குறிக்கவில்லை.

ஓய்வறை என்பது மாடிப்படிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டில் போட்ட சின்ன அறை. அரை மணி நேரம் கண்ணயரலாம். அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். யார் திறந்தாலும் அவருடைய டீம் லீடுக்கு மெயில் போய்விடும்.

எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று எங்கள் நிர்வாக மேலாளர் மேடத்துக்கு எழுதித் தரும் வேலை எனக்கு. மூன்று மாதக் கதவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஜிம்முக்குள் வாரத்துக்கு நான்கு பேர். விளையாட்டு அறைக்கு நானே போய்ப் பார்த்தேன். பந்து டப்பா இன்னும் பிரிக்கப்படவில்லை. ஓய்வறை மட்டும் ஒரு நாளைக்குப் பத்தொன்பது தடவை திறந்திருந்தது. அத்தனையும் ஒரே அட்டை. மறதி அண்ணனுடையது.

அவர் எங்கள் மாடியில் ஒப்பந்தத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். தினமும் அட்டையை மறந்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். நான்தான் திறந்துவிடுவேன். இந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை என்றால் அந்த அரை நிமிடம்தான்.

மேடம் பட்டியலைப் பார்த்தார். தூங்குகிறவருக்கு எதற்கு ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டும் என்று கேட்டார். அது அன்றோடு முடிகிறது. பத்தொன்பது அரை மணி என்றால் ஒன்பதரை மணி நேரம், ஆபீசே எட்டு மணி நேரம்தானே என்றேன்.

"மெஷின் கோளாறா, ஆள் கோளாறா? சாயங்காலத்துக்குள்ள பாத்துச் சொல்லு."

மறுபடி பட்டியலோடு உட்கார்ந்தேன். முந்தின நாள் இரண்டு பத்துக்கு அவர் ஓய்வறைக்குள் போனதாக இருந்தது. அதே இரண்டு பத்துக்கு நான் அவருக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்திருந்தேன். அந்தப் பதிவும் இருந்தது, என் பெயரில்.

எழுந்து போனேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, கார்டு இன்னைக்கும் மறந்தாச்சா?"

"அது எங்கேயும் போகாது தம்பி. காபி மெஷினுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது."

நான் விஷயத்தைச் சொன்னதும் அவரும் மறைக்கவில்லை. ஒப்பந்தக்காரருக்கு டீம் லீட் கிடையாது, அதனால் அவர் அட்டைக்கு மெயில் போகாது. இரட்டைக் குழந்தைக்காரர் ஒருவர்தான் முதலில் கேட்டாராம். பிறகு ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள். மாடி முழுக்கத் தெரிந்த ரகசியம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

"நீங்க ஒரு தடவையாவது படுத்தீங்களாண்ணே?"

"எனக்குப் பகல்ல தூக்கம் வராதுப்பா."

நாளையிலிருந்து வேலை இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றேன்.

"என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்க. அவங்க பேரை மட்டும் எழுதிடாத. அந்த ரெட்டைக் குழந்தைக்காரன் நின்னுக்கிட்டே தூங்குறான், பாவம்."

திரும்பி வந்து ஒரு பக்கம் எழுதினேன். இங்கே உண்மையில் ஆள் நடமாட்டம் உள்ள வசதி ஓய்வறை ஒன்றுதான், தூங்கியவர் அட்டைக்காரர் இல்லை, மெயிலுக்குப் பயந்து ஊரே ஒரு அட்டையில் தூங்குகிறது என்று எழுதினேன். மேடம் இரண்டு தடவை படித்தார்.

"யார் யாரு?"

"தெரியாது மேடம்."

"ஒருத்தர் பேர்கூடவா தெரியாது?"

"தெரியாது."

காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்து ஓய்வறைக் கதவிலிருந்த அட்டைக் கருவியைக் கழற்றினார்கள். மறதி அண்ணனுக்கு ஆறு மாதம் நீட்டிப்பு வந்தது. அவர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். கண்ணாடிக் கதவை அவரே திறந்துகொண்டு உள்ளே போனார்.