ஜுல்ஃபிகர் சயாவின் இடுப்பு

வாத்தியாரின் இடுப்பில் துப்பாக்கி ஏறுகிற அன்றைக்கே இரண்டும் இரண்டும் நாலு என்பது பொய்யாகிவிடும் என்பது தங்கவேலு சயாவின் கண்டுபிடிப்பு. சயா என்றால் யாங்கோனில் வாத்தியார். அந்த ஊரின் தின்கன்ஜூன் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அவர், நிரூபிக்காமல் எதையும் சொல்ல மாட்டார். இதை மட்டும் நிரூபிக்கவில்லை.

நம்பகமான குடிமக்கள் உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் சொன்னதிலிருந்து ஊரில் ஒரு பழக்கம் மாறிவிட்டது. முன்பு எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பார்கள், இப்போது இடுப்பை. இங்கே ஆண்கள் கைபேசி, பணப்பை, வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றையும் கைலி மடிப்பில்தான் செருகுவார்கள். ஆகவே சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக் காவலாளி பிள்ளைகளின் சோற்று டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்ப்பார். பெரியவர்களின் இடுப்பைத் தொட மாட்டார். தொட்டு, நிஜமாகவே இருந்துவிட்டால்?

விஞ்ஞானம் எடுக்கும் ஜுல்ஃபிகரின் சட்டைக்கடியில் ஒரு மாதமாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் முதல் டீ அவருக்கு வந்தது. பஸ்ஸில் கேட்காமலே இடம் கிடைத்தது.

"என்னா சயா, உள்ள இருக்கிறது வெடிக்குமா, மெல்லுறதா?" என்று ஆசிரியர் அறையில் தங்கவேலு சீண்டினார்.

"பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேருந்து?"

"கேக்கிறவங்ககிட்டேருந்து."

"பயந்தாங்கொள்ளிக்குத்தான்யா இடுப்பு கனக்கும்!" என்று தங்கவேலு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், ஜுல்ஃபிகர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டு.

வியாழக்கிழமை மாலை ஹாஜரா வீட்டுக்கு வந்தாள். தங்கவேலு வீட்டில் நடத்தும் டியூஷனில் மிச்சமிருந்த ஆறு பேரில் அவள் மகன் ரிஹானும் ஒருவன். அந்த ஆறு பேரை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

"தப்பா நெனைக்காதீங்க சயா. ரிஹானை ஜுல்ஃபிகர் சயாகிட்ட மாத்தலாம்னு..."

"அவருக்குக் கணக்கு வராதேம்மா!"

"வராதுதான். ஆனா அவர்கிட்ட ஏதோ இருக்காம்."

"என்னா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? தெரிஞ்சுட்டா அப்புறம் என்னா பாதுகாப்பு? மத்த அஞ்சு பேர் அம்மாங்களும் இதத்தான் சொல்றாங்க. திங்கக்கிழம வந்து சொல்றேன்."

மறுநாள் பள்ளி மாடிப்படியில் தங்கவேலு ஜுல்ஃபிகரை மறித்தார். "ஒரே ஒரு தடவ காட்டுங்க சயா. என் பொழப்பே போகுது."

ஜுல்ஃபிகர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "இருந்தா வெளிய சொல்லிடுவீங்க. இல்லாட்டியும் சொல்லிடுவீங்க. ரெண்டுமே எனக்கு ஆபத்து."

திங்கட்கிழமை மாலை தங்கவேலு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். மரப்பிடி போட்ட டஸ்டரை எடுத்துக் கைலி மடிப்பில் செருகினார். நடுவில் வைத்தால் குடலிறக்கம் மாதிரித் தெரிந்தது. வலப்பக்கம் நகர்த்தியதும் சரியாக அமைந்தது.

"இடுப்புல என்னாங்க வீக்கம்?" என்றாள் மனைவி கமலாட்சி, அவர் வெளியே வந்ததும்.

"உள்ள போ."

ஹாஜரா வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கத்தைவிட இரண்டடி தள்ளியே நின்றாள்.

"ரிஹான் இங்கயே படிக்கட்டும் சயா."

தங்கவேலு வகுப்பைத் தொடங்கினார். கரும்பலகை நிறைந்ததும் உள்ளங்கையாலேயே அழித்தார். டஸ்டர் எங்கே என்று ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.