சம்பளம் வாங்காதவர்களின் ஆறு மணி

1981 முதல் டன்லப் தெருவில், நெய்னா முகம்மதுவின் பாத்திரக்கடை மாடியில், சனிக்கிழமை மாலை ஆறு மணி லேசில் முடிவதில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றைக் காசு வாங்காமல் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்த ஆறு பேர் அங்கே கூடுவார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் சுவர்க் கடிகாரம் நின்றுவிடும். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு எழுந்தால் ஆறு மணி ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். பையில் கட்டி வாங்கி வந்த டீ சூடு குறையாமல் இருக்கும். பஸ்ஸைத் தவறவிடுவதில்லை என்பதால் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த பிரிஜட்டும் பாலிடெக்னிக் ஆய்வகத்து வடிவேலுவும் அருகருகே உட்காருவார்கள். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவன் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் அது தெரியும். அவள் மாதா கோயில், அவன் முருகன் கோயில். வெளியே சந்தித்துப் பேச இருவருக்கும் துணிச்சல் இல்லை. அந்த அறைக்குள்ளோ அவசரமே இல்லை.

எழுத்துகளை வரைய ஆளுக்கு ஆள் போட்டி போட்டார்கள். பிரிண்டருக்குப் பிரிண்டர் கோளாறு பார்க்கும் சலிப்பான வேலையைத் தொட ஆளில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக அச்சானது. 1984இல் நெய்னா முகம்மது நன்கொடை திரட்டினார்.

"சும்மா செய்யற வேலைன்னா இதை யாரும் தொட மாட்டாங்க லா. பிரிஜட், நீங்க ஃபுல்டைமா வந்துடுங்க, சம்பளம் போட்டுடறோம்" என்றார்.

சம்பளம் வாங்கிய முதல் சனிக்கிழமை, கடிகாரம் அவளுக்கு மட்டும் நிற்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் நண்பர்கள் கண் சிவந்து எழுந்துவிட்டார்கள்.

"நீங்க அசையவே இல்லைங்க" என்றான் வடிவேலு. அவர்களுக்கு அவள் பன்னிரண்டு மணி நேரம் டீப் பையோடு நின்றிருந்தாள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி வாரநாட்களில் தனியாக வந்து வேலை பார்த்தாள். மூன்று வருடத்தில் பதினான்கு பிரிண்டர்கள் சரியாயின. புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் மெஷின் படிக்காத ஒரு குறிப்பு வரியும் பெயரெழுத்தும் தேதியும் போடுவது அவர்கள் வழக்கம். ஒரு திங்கட்கிழமை அப்படியொரு வரியைக் கண்டாள்.

"பிரிஜட், என்னைக் கட்டிக்கிறீங்களா? வ. 7-3-87."

கீழே எழுதினாள்: "சரி. பி. 9-3-87."

பதிவுத் திருமணம் நடந்தது. "சம்பளத்தை விட்டுடுங்க, பழையபடி உள்ள வந்துடலாம்" என்றான் வடிவேலு.

"அப்புறம் பிரிண்டரை யாரு பார்ப்பா?" என்றாள்.

அந்த இரண்டு வரிகளையும் யாரும் அழிக்கவில்லை. எல்லாப் பிரதிகளிலும் போகின்றன. சனிக்கிழமைகளில் அவள் டீ கொண்டுவந்து நிற்பாள். வடிவேலு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அரை நாள் அவளைப் பார்த்தபடி வேலை செய்வான். அவள் அவனை ஒரு நிமிடம் பார்ப்பாள். பிறகு இருவரும் பஸ்ஸுக்கு இறங்குவார்கள்.