எத்தினை தரமெண்டாலும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பரந்தன் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அழுதுகொண்டு வந்த சுமித்திராவுடையது. முரசுமோட்டையில் எங்கள் அயல்வீட்டுப் பிள்ளை, பல் வைத்தியர். இப்போது குழந்தைகளின் பற்களுக்கான விசேட பயிற்சியில் மூன்றாம் வருடம். நடந்ததைச் சொல்லிவிட்டு, "எழுதுங்கோ அண்ணை. ஆனா எனக்குக் காட்டிப்போட்டுத்தான் அச்சுக்குக் குடுக்கோணும்" என்றாள். தலையாட்டினேன். அதுதான் நான் விட்ட பிழை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: கிர்ரென்று அலறிய இயந்திரத்தைக் கண்டு அந்தப் பிஞ்சு நெஞ்சம்…

(சுமித்திரா வெட்டிவிட்டாள். "அந்தப் பிஞ்சு நெஞ்சம் என்ரை விரலைக் கடிச்சதை எழுதுங்கோ.")

3

சரி. நிறஞ்சனாவுக்கு ஆறு வயது. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் யூட்சனின் மகள். கடைவாயில் அரித்துப்போன ஒரு சூத்தைப் பல். சுமித்திராவுக்கு அன்று செய்முறைப் பரீட்சை: பயந்த பிள்ளை ஒன்றுக்கு, பிடித்து அமுக்காமல், நாற்பது நிமிடத்தில் பல் அடைத்து முடிக்க வேண்டும். மேற்பார்வையாளர் டொக்டர் ராஜினி புள்ளித்தாளுடன் மூலையில் கதிரை போட்டு இருந்தார்.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் போயிற்று.

"நான் பிடிக்கட்டே டொக்டர்?" யூட்சன் எழும்பினார்.

"வேண்டாம். நிறஞ்சனா, நீங்க கையைத் தூக்கினா நான் நிப்பாட்டுவன். சரியோ?"

"எத்தினை தரம்?"

"எத்தினை தரமெண்டாலும்."

[பரீட்சையில் சொல்லக்கூடாத வசனம். என் கற்பனையென்றால் 'மூன்று தரம்' என்று எழுதியிருப்பேன்.]

வாய் திறந்தது. விரலை ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் திறந்தது.

4

கை உயர்ந்தது. சுமித்திரா நிறுத்தினாள்.

"நோகுதோ?"

"இல்லை. சும்மா பாத்தனான்."

பிறகு துப்புவதற்கு. பிறகு, அப்பாவின் படகு எஞ்சினும் இப்படித்தான் கத்தும் என்று சொல்வதற்கு. யூட்சன் தலையில் கைவைத்துக்கொண்டார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பதினோராவது தரம் கை எழும்பியது. சூத்தை முழுக்கச் சுரண்டியாயிற்று. அடைப்பது மட்டும்தான் மிச்சம். கண்டும் காணாததுபோல் விட்டிருக்கலாம்.

(இந்த இடத்தில் அவள் துளியும் தயங்கவில்லை என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். "பொய். தயங்கினனான். அதைக் கட்டாயம் போடுங்கோ.")

தயங்கினாள். நிறுத்தினாள். நேரம் முடிந்தது.

டொக்டர் ராஜினி எழும்பினார். "பிள்ளையோடை நல்லாய்க் கதைச்சீங்கள். ஆனா பல்லு முடியேல்லை. எனக்கு வேறை வழியில்லை, சுமித்திரா." தாளில் 'மீண்டும் தோற்ற வேண்டும்' என்று எழுதினார்.

பல்லுக்குத் தற்காலிக மருந்து வைத்து, அடுத்த செவ்வாய் வரச்சொல்லி அனுப்பினாள். அன்றுதான் பஸ்ஸில் அழுதது.

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். டொக்டர் ராஜினி மனம் மாறி அந்தத் தாளைக் கிழிக்கிறார் என்பது ஒன்று. அவர் கிழிக்கிற ஆளே இல்லையாம். பிள்ளை திரும்பி வரவேயில்லை என்பது மற்றது. எழுதிய எனக்கே பொறுக்கவில்லை.

நடந்தது வேறு. செவ்வாய்க்கிழமை தகப்பன் படியேற முன்பே நிறஞ்சனா கதிரையில் ஏறிவிட்டாள். டொக்டர் ராஜினி அன்று லீவு. புள்ளி போட ஆளில்லை. பதினைந்து நிமிடத்தில் பல் அடைபட்டது. கை ஒருதரமும் உயரவில்லை.

"ஏனம்மா இண்டைக்குக் கையைத் தூக்கேல்லை?"

"தூக்கினா நிப்பாட்டுவீங்கள்தானே. பிறகென்ன?"

6

வரும் வியாழன் சுமித்திராவுக்கு மறுபரீட்சை. வேறு பிள்ளை, அதே நாற்பது நிமிடம். இந்தமுறை எத்தனை தரம் என்று சொல்லப்போகிறாள் எனக் கேட்டேன்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். நீங்கள் முந்தி எழுதிப்போடாதேங்கோ அண்ணை."

எழுதவில்லை. வியாழன் காலை எட்டரைக்கு அந்தப் பிள்ளை யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். நான் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. நீங்கள் வையுங்கள்.