நோன்புத் தள்ளுபடி

“அத்தனை பேர் முன்னாடி சத்தியம் பண்ணிட்டாரு, தூடா. அவர் சொன்ன நேரத்துல நீ ஓடலேன்னா மீசையை எடுத்துடுவாராம்.”

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். கூடப் பயிற்சி எடுக்கும் இத்ரீஸ் இதைச் சொன்னபோது தூடா ஓடுதளத்தின் ஓரம் தேவதாரு மரத்தடியில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு கையிலேயே நின்றுவிட்டது.

“யாரு மீசை?”

“கோச் மீசைதான். என் மீசையை யாரு கேக்கறா?”

“எதுக்கு இந்த வம்பு?”

“காபிக்கடையில அந்த ஹம்மு, அதான் அடுத்த கிளப் கோச், சிரிச்சுட்டான். ‘தூடாவாவது, நாலு பதினெட்டாவது’ன்னு. இவருக்கு வந்துதே கோபம்! ‘ரெண்டு செகண்ட் முன்னே பின்னே ஆனாலும் இதே நாற்காலியில உக்காந்து எடுக்கறேன்’னுட்டாரு.”

இஃப்ரான் ஊரில் கோச் புஅஸ்ஸாவின் மீசை பிரசித்தம். அதைவிடப் பிரசித்தம் அவருடைய கணக்கு. நானூறு மீட்டரை ஆறு தடவை ஓடவிடுவார். நடுவே ஒரே ஒரு நிமிஷம் மூச்சு வாங்கலாம். ஆறுக்கும் சராசரி எடுத்து, கண்ணை மூடி வாய்க்குள்ளேயே பெருக்கி, ஆயிரத்தைந்நூறு மீட்டரை நீ இத்தனை நிமிஷத்தில் ஓடுவாய் என்று சொல்லிவிடுவார். பந்தயத்தில் அப்படியே நடக்கும். ஜோசியக்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. “ஜோசியமா? கணக்குய்யா, கணக்கு!”

ரமலானில்தான் அந்தக் கணக்குக்குச் சோதனை. நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, யார் வேகமாக ஓடுவார்கள்? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். நோன்புத் தள்ளுபடி. சுற்றுக்கு இரண்டு செகண்ட் கழித்துவிட்டுத்தான் பெருக்குவார். இந்த ரமலானின் கடைசி வாரம் தூடா ஆறு சுற்றும் சராசரியாக எழுபத்தொன்றில் ஓடினாள். வெறும் வயிற்றோடு எழுபத்தொன்றா! கோச் இரண்டைக் கழித்தார், பெருக்கினார், நாலு நிமிஷம் பதினெட்டு என்று அறிவித்தார். ரபாத் பந்தயத்தில் வேகக்காரிகளின் ஓட்டத்தில் அவள் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

அன்றைக்குத் தூடாவுக்கு நோன்பே இல்லை.

மாதத்தில் அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. பிறகு ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் அதை எந்தப் பெண் ஆண்களிடம் போய்ச் சொல்வாள்? சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் எல்லாரோடும் சேர்ந்து பாங்குச் சத்தத்துக்குக் காத்திருப்பாள், பசி தாங்காத முகத்தோடு. அம்மா செய்தாள், மகள் செய்கிறாள். ஆண்களும் கேட்பதில்லை. கேட்பதில்லை என்பதைவிட, நினைத்தே பார்ப்பதில்லை என்பதுதான் சரி.

மீசைச் சத்தியத்தைக் கேள்விப்பட்ட அன்று மாலையே தூடா கோச்சின் வீட்டுச் சமையலறையில் போய் நின்றாள். கோச்சின் மனைவி ருக்கியா கேரட் சீவிக்கொண்டிருந்தாள். தூடாவுக்கு அவள் ‘லல்லா’, மரியாதைக்குரிய அக்கா.

“லல்லா, ஒரு விஷயம். அந்த ஆறு சுற்று ஓடினப்போ எனக்கு நோன்பு இல்ல.”

ருக்கியாவின் கத்தி நின்றது. “ஏண்டி, இல்லாத நோன்புக்கா அந்த மனுஷன் தள்ளுபடி குடுத்தாரு?”

“அவரு கேக்கலியே. நானா எப்படிப் போய்ச் சொல்வேன்?”

“மத்தியானம் என்ன சாப்பிட்டே?”

“ரொட்டி. ஆலிவ் எண்ணெய்.” கொஞ்சம் தயங்கினாள். “ரெண்டு முட்டை.”

“முட்டை வேறயா!” ருக்கியா சிரித்த சிரிப்பில் கேரட் உருண்டு கீழே விழுந்தது.

“சிரிக்காதீங்க லல்லா. நீங்களே பதமா எடுத்துச் சொல்லிடுங்க. பாவம், மீசை போயிடும்.”

“போகட்டுமே. கல்யாணம் ஆன நாள்லேருந்து என் ஹரீரா சூப்புல பாதியை அதுதான் குடிக்குது.”

“மீசையை விடுங்க. என் கதி? வேகமான கூட்டத்துல மாட்டிவிட்டுட்டாரு. பாதியிலேயே படுத்துடுவேன்.”

“சரி, தள்ளுபடி இல்லாம உன் நேரம் என்ன வருது?”

“நாலு இருபத்தாறு.”

“தேசிய முகாமுக்கு?”

“நாலு இருபத்திரண்டுக்குள்ள ஓடணும். இந்த வருஷம் இல்லேன்னா அஸ்ரூ கிடங்குல ஆப்பிள் அடுக்கத்தான் போகணும். எங்கண்ணன் இடம் சொல்லி வச்சுட்டான்.”

“நான் போய் உண்மையைச் சொன்னா என்ன பண்ணுவாரு? உன்னை மெதுவான கூட்டத்துக்கு மாத்துவாரு. அங்க நீ முதல்ல வருவே, கை தட்டுவாங்க. நேரம் வருமா? இழுத்துட்டுப் போக ஆளு வேணாமா?”

தூடா தரையில் கிடந்த கேரட்டைப் பார்த்தாள்.

“சொல்லட்டுமா? வேண்டாமா? சீக்கிரம் சொல்லு, அடுப்புல எண்ணெய் காயுது.”

தூடா குனிந்து கேரட்டை எடுத்துக் கழுவி மேடையில் வைத்தாள். “வேண்டாம்,” என்றாள்.

“திருடி!” என்று ருக்கியா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். கேரட் நிறம் ஒட்டிக்கொண்டது.

ரபாத்தில் அன்று காற்றே இல்லை. முதலில் ஆண்களின் ஆயிரத்தைந்நூறு. ரமலானில் ஓடவிட்டுக் கோச் சொன்ன நேரத்துக்கு ஏழரை செகண்ட் கழித்துத்தான் இத்ரீஸ் வந்து சேர்ந்தான்.

“உனக்கு என்னடா கேடு?” என்று கோச் பாய்ந்தார்.

“எதிர்க்காத்து, கோச்.”

“கொடி கம்பத்தோட ஒட்டிக் கிடக்கு. காத்தாம் காத்து! தள்ளி நில்லு. என் மீசை ஓடப் போகுது.”

தூடா தொடக்கக் கோட்டுக்குப் போனாள். பெருநாளிலிருந்து இன்றுவரை ராத்திரி ராத்திரி அவள் அந்த இரண்டு செகண்டைத்தான் சுமந்துகொண்டிருந்தாள். துப்பாக்கி வெடித்ததும் காஸாபிளாங்காக்காரி ஒருத்தியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நல்ல அகலமான முதுகு. கடிகாரத்தைப் பார்க்காதே, முதுகைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“அறுபத்தொன்பது! அப்படியே! என் கண்ணே, அப்படியே!” முதல் சுற்றில் கோச்சின் குரல் தேனாக வந்தது.

இரண்டாம் சுற்றில், “அப்படியே!” மட்டும் வந்தது.

மூன்றாம் சுற்றில் தொடை கல்லாகிவிட்டது. முதுகு நழுவப் பார்த்தது. நழுவினால் ஆப்பிள் பெட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு அதை எட்டினாள். கடைசி வளைவில் கம்பிவேலியில் பாதி ஏறி நின்றுகொண்டு கோச் கத்தினார்: “தூடா! மீசைம்மா! மீசை!”

வேலியோரம் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தூடாவுக்கும் சிரிப்பு வந்தது. மூச்சு போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டே கோட்டில் போய் விழுந்தாள்.

நாலு இருபத்தொன்று.

“முகாம்! முகாம் கிடைச்சுடுச்சு!” கோச் அவளைத் தூக்கி நிறுத்தித் தலையில் முத்தமிட்டு, இத்ரீஸை இழுத்து இரண்டு சுற்று ஆடினார். மூன்றாவது சுற்றில் ஆட்டம் நின்றது. கை மெல்ல மேலே போய் மீசையைத் தொட்டது.

“மூணு செகண்ட்,” என்றார் ஈனக் குரலில்.

மறுநாள் காபிக்கடையில் ஹம்முவே கண்ணாடி பிடித்தான். ஊர் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. கோச் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றிருந்த ருக்கியா, “அட, நான் கட்டிக்கிட்ட ஆளு இவர்தானா? இத்தனை நாளா எங்க இருந்தீங்க?” என்றாள்.

வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்ததால் தூடாவும் இத்ரீஸும் அங்கேதான் இருந்தார்கள். புதினா டீ வந்தது. கோச் குடிக்கவில்லை.

“கணக்கு எங்க தப்பாச்சு? அதைச் சொல்லுங்க. இத்தனை வருஷமா தப்பாத கணக்கு!”

“தள்ளுபடி நோன்பு வச்சவங்களுக்குத்தானே?” என்றாள் ருக்கியா, சர்க்கரைக் கட்டியை உடைத்துக்கொண்டே.

“ஆமா. எல்லாரும்தானே வச்சோம்.”

“எல்லாரும்னா? எல்லாரும் ஆம்பளைங்களா?”

கோச்சின் வாய் திறந்தது. மறைத்துக்கொள்ள மீசை இல்லை. தூடா டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காது இரண்டும் சுட்டன. பிறகு கோச் சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

“கழிக்காம இருந்தா... நாலு இருபத்தாறு. ஆனா இவ ஓடினது நாலு இருபத்தொண்ணு.” சட்டென்று திரும்பினார். “அடிப்பாவி! அஞ்சு செகண்ட் எங்கேருந்து கொண்டு வந்தே?”

“முன்னாடி ஒரு முதுகு இருந்துது, கோச்,” என்றாள் தூடா, டம்ளருக்குள்ளிருந்து.

அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் மறுபடி சுருங்கியது. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“இரு, இரு. சுற்றுக்கு ரெண்டு. மூணே முக்கால் சுற்று. மொத்தத் தள்ளுபடி ஏழரை செகண்ட்.” கண்கள் மெதுவாக இத்ரீஸ் பக்கம் நகர்ந்தன. “நீ எத்தனை செகண்டுடா தவறவிட்டே?”

இத்ரீஸ் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அச்சோ,” என்றாள் ருக்கியா, “உனக்குமா?”

தூடாவால் இனி முடியவில்லை. ரபாத்திலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு மூக்கு வழியாக டீயோடு வந்தது.

“ரெண்டு பேரீச்சம்பழம்தான், கோச்,” என்றான் இத்ரீஸ், வாசலைப் பார்த்தபடி. “தல சுத்திச்சு. வெளியில சொல்லிடாதீங்க. எங்கம்மா கொன்னுடும்.”

“ரெண்டு பேரீச்சம்பழத்துக்கு ஏழரை செகண்டா? என் கிட்டயே கணக்கா? ஆட்டுக்கறியோட முழுச் சாப்பாடுடா அது!”