கை உளறிய காலை

துக்கம் காக்குற பெண்கள் முகாம்ல விடியற நேரம் கனவு மாதிரிதான் இருக்கும். புகை தரையோட தவழும். நாய்ங்க செம்மண்ணுல சுருண்டு கிடக்கும். வாய்ச்சத்தமே இருக்காது, கைங்க மட்டும் ஓயாம பேசிக்கிட்டிருக்கும். புருஷன் செத்தவ எங்க பாலைவனத்துல பேசக்கூடாது. செத்தவரோட அக்கா வந்து உதட்டத் தொட்டு விடுவிக்கிற வரைக்கும், அது வருஷக்கணக்கானாலும், கைப்பேச்சுதான்.

புருஷனப் பறிகொடுத்த எங்கக்கா டல்சி கைப்பேச்சுல ராணி. துக்கத்துக்காக முகம் பூரா வெள்ளைக் களிமண்ண அப்பிக்கிட்டு, உம்முனு உக்காந்தபடியே விரலால ஊர்வம்பு பூரா பேசுவா. எங்க தாய்மாமா வண்டி ஓட்டுற லட்சணத்த ரெண்டு விரல்ல காட்டுவா பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடும்.

அன்னிக்குக் காலையில என்னைப் பார்த்து 'நெருப்பு'ன்னு கை காட்டினா. கொள்ளி ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். வேண்டாம்னு தலையாட்டிட்டு, மறுபடியும் 'நெருப்பு'ன்னா.

"எரிஞ்சுகிட்டுத்தானே இருக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

சட்டுனு என் தேநீர்க் குவளைக்குத் தாவினா. அது கவிழ்ந்து என் பாவாடையெல்லாம் ஈரம். எனக்குன்னா கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல இருந்தவங்க 'விடு, துக்கம்'னு கையால அடக்கினாங்க.

அந்த நேரம் பாத்து பிரிஜெட் வந்தா. ஆலிஸ் டவுன்ல இருந்து அப்பப்ப வர்ற பேச்சு டாக்டர். காது சீழ் வச்சு, பேச்சுத் திக்குற எங்க பிள்ளைங்களப் பாப்பா. வெள்ளைக்காரிதான், ஆனா மண்ணுல சப்பணம் போட்டு உக்காருவா.

"என்ன லோர்னா, அக்காளும் தங்கச்சியும் காலையிலேயே சண்டையா?"

"இவ கை உளறுது, நான் திட்டு வாங்குறேன்."

பிரிஜெட் சிரிக்கல. "கை உளறுதா? நான் பாக்கட்டுமா?"

"பேசவே கூடாதவளப் பேச்சு டாக்டர் பாத்து என்ன கிழிக்கப் போற?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா மட்டும் சிரிக்கல.

பிரிஜெட் அவ முன்னால ஒரு குவளை, கிழங்கு தோண்டுற கம்பு ஒண்ணு, தன்னோட தொப்பி மூணையும் வச்சா. ஒவ்வொண்ணா கையால சொல்லச் சொன்னா. குவளைக்கு அக்கா 'நாய்'னா. கம்புக்கும் 'நாய்'. தொப்பிக்கு அவ காட்டினது எங்க பேச்சுலயே இல்லாத ஒண்ணு. அப்புறம் தன் கையையே யாரோடதோ மாதிரி பாத்தா.

"விளையாடாதக்கா"ன்னேன். என் குரல் எனக்கே தூரத்துல கேட்டுச்சு.

அவ கண்ணு நிறைஞ்சு வழிஞ்சு களிமண்ணு கரைஞ்சுது. அடியில வாயோட ஒரு ஓரம் தொங்கிப் போயிருந்துச்சு.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்னு நினைக்கிறேன்"னா பிரிஜெட். "பேச்சு வாயால வந்தாலும் கையால வந்தாலும் புறப்படுற இடம் ஒண்ணுதான். உடனே ஆஸ்பத்திரி விமானத்தக் கூப்பிடணும். லேட்டானா உயிருக்கே ஆபத்து."

நெருப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பெரில் மதினி எழுந்தா. செத்தவரோட அக்கா.

"எங்கேயும் போக வேணாம். என் தம்பி துக்கம் முடியல. ஆஸ்பத்திரியில 'வாயத் திற, பேசு'ம்பாங்க. இவ பேசிட்டா அவனுக்கு என்ன மரியாதை? இது துக்கம், வேற ஒண்ணுமில்ல."

மதினிய எதுத்து யாரும் பேசினதில்ல. நான் பேசினேன்.

"அப்ப நீயே திறந்துவிடு மதினி. இப்பவே. பேசிட்டான்னா துக்கம், நான் வாய மூடிக்கிறேன். பேசலேன்னா நோவு."

கைங்க எல்லாம் நின்னுடுச்சு. மதினி பாவாடையில கையத் துடைச்சுக்கிட்டு வந்து, அக்கா முன்னால குந்தி, உதட்டத் தொட்டா.

"பேசு டல்சி. அவன் கேட்டுக்கிட்டிருப்பான்."

அக்கா வாயத் திறந்தா. காத்து வந்துச்சு. கழுத்து நரம்பு புடைச்சுச்சு. ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு, வார்த்தை வரல. மறுபடியும் முயற்சி பண்ணிப் பாத்தா. வரல.

மதினி நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. "ஐயோ, நான் பூட்டின பூட்டில்லையே இது! என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கூப்பிடுங்கடி விமானத்த!"

மதியத்துக்குள்ள அது வந்து எறங்குச்சு. செம்மண்ணு எழும்பி வானம், தரை எல்லாம் ஒரே நிறம். தூக்குப் படுக்கையில அக்கா வெள்ளையா மிதந்து போற மாதிரி இருந்துச்சு. நான் கூடவே ஓடினேன். அவ என்னைத் தேடி வலது கைய மெதுவா, கஷ்டப்பட்டுத் தூக்கினா.

'நெருப்பு'ன்னா.

இந்தத் தடவை நான் கொள்ளி தேடல. காலையில அவ என் குவளைக்குத் தாவினது ஞாபகம் வந்து, தண்ணிய எடுத்தேன்.

"குடிக்கக் கொடுக்காத, புரையேறிடும்"னா பிரிஜெட். சரின்னு என் துணி முனையத் தண்ணியில நனைச்சு அக்கா உதட்டுல வச்சேன். அவ கண்ண மூடி அத உறிஞ்சினா.