டேப்பின் மறுமுனை

மருத்துவர் திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் தன் கழுத்தில் கிடந்த டேப்பை உருட்டிக்கொண்டிருந்தார். கடையிலேயே கழற்றிவைக்க மறந்து வந்துவிட்டார். மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வலிப்பு வந்து விழுந்ததில்தான் தலைக்குள் கட்டி இருப்பது தெரிந்தது. மெதுவாக வளர்கிற கட்டி. அதற்குள்ளேயே 'விதைகள்' என்று சொல்கிற கதிர்வீசும் உலோகத் துணுக்குகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் உடைந்த ஊசித்துண்டு அளவுதான். உள்ளே இருந்தபடியே கட்டியை அடக்கிவிட்டு, மாதங்கள் போகப் போக அவையும் அடங்கிவிடுமாம். அதுவரை சின்னக் குழந்தையை மடியில் வைக்க வேண்டாம், ஒரு கை நீளம் தள்ளியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"வளரலைங்க. கொஞ்சம் சுருங்கியே இருக்கு," என்றார் மருத்துவர். "விதையோட வேகமும் அடங்கிடுச்சு. இனிமே பொண்ணைத் தாராளமா தூக்கிக் கொஞ்சலாம்."

தையல்காரர் டேப்பை உருட்டுவதை நிறுத்தினார். "அப்ப டேப் வேணாமா, டாக்டர்?"

"எந்த டேப்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் சொன்னாள். "நீங்க கை நீளம்னுதான் சொன்னீங்க. இவரு முழு டேப்பையும் நீட்டி, அந்தக் கடைசில அவளை நிக்கவச்சுத்தான் பேசுவாரு."

"துணியைக் கொஞ்சம் விட்டுத்தானே வெட்டணும்? குறைஞ்சு போச்சுன்னா ஒட்டவா முடியும்?"

"கஸ்டமர் சட்டைக்கு அரை இஞ்ச் விட அழுவாரு. பொண்ணுக்கு மட்டும் தாராளம்!"

மருத்துவர் சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தாள், சிரித்தபடியே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் மகள் ஓடிவந்து மேலே விழுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டில் விட்டுப்போயிருந்த அந்த வாலு ஓடிவந்து, தன் வழக்கமான இடம் வந்ததும் டக்கென்று நின்று கையை நீட்டியது.

"டேப்பு குடுப்பா."

அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து ஒரு முனையை வீசினார். அவள் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று ஆரம்பித்தாள். அவர் தன் முனையைக் கையில் சுற்றத் தொடங்கினார்.

"அப்பா, நான் கிட்ட வந்துடுவேன்! இழுக்காத!"

"வா."

"தப்பில்ல?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். ஓரடி வைத்தாள், இன்னோரடி. பிறகு டேப் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

கழுத்தைக் கட்டிக்கொண்டபோதும் அவள் டேப்பை விடவில்லை. அதன் பித்தளை முனை அவர் பிடரியில் குத்திக்கொண்டேயிருந்தது. அவர் அசையவில்லை.